தெளிவில்லை

வின்னிபெக்கில் பிப்ரவரி. நிலவறையில் என் மேசை.
காதில் ஒலிப்பான்.
மிதியைக் காலால் அழுத்தினால் ஒரு பெண் பேசுகிறாள்,
காலை எடுத்தால் நிறுத்திக்கொள்கிறாள்.

பத்தொன்பது வருடமாக இதுதான் பிழைப்பு:
அகதி விசாரணைகளின் ஒலிப்பதிவை எழுத்தில் இறக்குவது,
பக்கத்துக்கு இத்தனை டாலர்.
ஜெயித்தவர்களின் குரல் எனக்கு வராது.
அவர்கள் பஸ் பாஸ் வாங்கப் போய்விடுவார்கள்.
தோற்றுப்போய் நீதிமன்றப் படியேறுகிறவர்கள்தான்
இங்கே வருவார்கள், ஒரு கோப்பு எண்ணாக.

இவள் பெயர் அபோனெஷ். ஊர் டெஸ்ஸி.
பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவள்.
கணவனை எத்தனை மணிக்குக் கொண்டுபோனார்கள்?
"இரவு இரண்டு மணி."
படிவத்தில் எட்டு என்றிருக்கிறதே?
"எட்டுதான்."
இப்போது இரண்டு என்றீர்கள்.
"இரண்டுதான்."

பிறகு மொழிபெயர்ப்பாளர் ஏதோ முணுமுணுக்கிறார்.
யாரோ தாள் புரட்டுகிறார்கள்,
ரேடியேட்டர் இருமுகிறது.
விதிப்படி போட்டேன்: [தெளிவில்லை].

நிராகரித்த ஆணையும் கோப்போடு வந்திருந்தது. பத்தி இருபத்தொன்று:
கணவனைப் பறிகொடுத்த நேரத்தை ஒருத்தி குழப்புவாளா?
நேரம் பொய் என்றால் உடைந்த கதவும் பொய்,
கதவு பொய் என்றால் கணவனே பொய்.
ஓர் இழையைப் பிடித்து இழுத்து
கம்பளிச் சட்டை முழுவதையும் உருவிவிட்டு
உனக்குக் குளிர்வதாகத் தெரியவில்லையே என்கிறது ஆணை.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்று சொன்னால் அது பொய்.
நன்றாகத்தான் தூங்கினேன்.
மறுநாள் காபியோடு வந்து
அந்த நான்கு நொடியைத் திரும்பப் போட்டேன்.
ஏன் போட்டாய் என்று யாராவது குறுக்கு விசாரணை செய்தால்
எனக்கும் நம்பகத்தன்மை இருக்காது.

பதினோராவது முறை,
தாளுக்கும் இருமலுக்கும் நடுவில்,
தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல மொழிபெயர்ப்பாளர்:
எங்கள் ஊரில் பொழுது சாய்ந்ததிலிருந்து எண்ணுவோம்.

பொழுது சாய்ந்து இரண்டு.
அந்த அறையின் சுவர்க்கடிகாரத்துக்கு எட்டு.
அடைப்பை அழித்துவிட்டு
ஐந்து சொல்லை அங்கே வைத்தேன்.
கீழே கையெழுத்து:
இது உண்மையான பிரதியென உறுதி கூறுகிறேன், மார்லின் பெட்ரிஷின்.
அதோடு சரி. யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை.
இந்த நாட்டில் சிலருக்கு
ஒரு கையெழுத்து போதும்.

மே மாதம், ஆற்றில் பனிக்கட்டி உடைந்த பிறகு, தீர்ப்பு வந்தது.
ஒன்பது பக்கம். என் ஐந்து சொல் ஆறாம் பக்கத்தில்.
நீதிபதி அளந்துதான் பேசியிருந்தார்:
இந்தப் பெண்ணை நான் நம்புகிறேனா என்பதல்ல கேள்வி.
நம்பாததற்குச் சொன்ன காரணம் நிற்கிறதா என்பதே.
நிற்கவில்லை.
வேறோர் உறுப்பினர் முதலிலிருந்து கேட்கட்டும்.

ஜெயித்துவிட்டாள்.
பரிசு, அந்த இரவை இன்னொரு முறை சொல்வது.
இம்முறை எட்டு என்று மட்டும் சொன்னால்
யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.
இரண்டு என்றால் பழையபடி.
தயங்கினால் மறைக்கிறாள்,
தயங்காவிட்டால் மனப்பாடம்.
கணக்கு டீச்சர். பார்த்துக்கொள்வாள் என்று
வாய்விட்டுச் சொன்னேன், காலி அறையில்.

காலையில் கணினியைத் திறந்ததும்
புதுக் கோப்புகள் வந்து விழுந்திருக்கும்.
பெயர்களை மட்டும் முதலில் பார்ப்பேன்.
ஜூனில் இல்லை. செப்டம்பரில் இல்லை.
விசாரணையே இன்னும் நடக்காமல் இருக்கலாம்,
இங்கே எதுவும் சொன்ன தேதியில் நடப்பதில்லை.
இன்று நவம்பர், வெளியே மறுபடி வெள்ளை.
பட்டியலில் அவள் இல்லை.

ஒரு நிமிடம் மிதியில் கால் வைக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.
எங்கேயாவது, யாரிடமாவது,
என் காலுக்கு அகப்படாமல்
அவள் பேசிக்கொண்டிருக்கட்டும்.